காணாக் கோப்பும் களியக்காவிளைக் குறிப்புகளும்

சுவடி ஒன்று கிடைக்கவில்லை என்று ஒருவர் உரைப்பின், அவ்வுரையை அவ்வாறே ஏற்றுக்கொள்ளுதல் ஆராய்ச்சியாளர்க்கு இயல்பன்று. அச்சுவடி அழிந்ததோ, இடம்பெயர்ந்ததோ, வேறு பெயர் பூண்டு வேறொரு கட்டினுள் கிடக்கின்றதோ என்று வினவுதலே முதற்கண் செய்யத்தக்கது. அழிந்தது மீளாது; ஏனைய இரண்டும் மீளும். இவ்வேறுபாடு ஓலைக்கும் செம்புக்கும் உரியதாதல் போலவே, இந்நாளில் புலவரும் மாணவரும் தம் உழைப்பு முழுவதையும் ஒப்படைத்துவைக்கும் கணினிக் கோப்புக்கும் உரியது. இதனை யாம் களியக்காவிளையில் பட்டறிந்தோம். அப்பட்டறிவையும் அதனோடு தொடர்புடைய வரலாற்றுச் செய்திகள் சிலவற்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலை எல்லையில், நாகர்கோவிலினின்று திருவனந்தபுரம் செல்லும் பெருவழியின்மேல் அமைந்த ஊர். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, விளவங்கோட்டு வட்டத்தைச் சார்ந்த இவ்வூர் இரு மாநிலங்கட்கும் இடையே வாயிலாக நிலைபெற்றது. ஒரே கடைத்தெருவில் இரு மொழியும் வழங்கும். ஊர்ப்பெயரே தமிழில் களியக்காவிளை என்றும் மலையாளத்தில் களியிக்காவிள என்றும் எழுதப்பெறும். உரோமன் எழுத்தில் இவ்விரண்டையும் ஒட்டி வேறுவேறு வடிவங்கள் வழங்குகின்றன. இச்செய்தி பின்னர்ப் பயன்படுமாதலின் ஈண்டே சுட்டினோம்.

2009ஆம் ஆண்டு யாம் இவ்வூரிலும் கொல்லங்கோடு, முன்சிறை முதலிய அண்டை ஊர்களிலும் தங்கி, நிலப்பெயர்களையும் உழவும் சந்தையும் பற்றிய சொற்களையும் தொகுத்தோம். விளை, ஏலா, பொற்றை, கோணம் என முடியும் பெயர்கள் எவ்வெந்நிலத்தைக் குறிக்கும் என்பதை முதியோர் வாய்மொழியாலேயே தெளிதல் கூடும். நிலவரிப் பதிவேடு பெயரைத் தரும். அப்பெயரை இட்டோர் கண்ட நிலத்தோற்றத்தைத் தாராது. எமக்கு உரைத்தோருள் மூவர் எண்பது அகவையைக் கடந்தவர். அவர் கூறியவற்றைக் கையால் எழுதிக்கொண்டு, மாலைதோறும் கடைத்தெருவிலிருந்த தட்டச்சுக் கடையொன்றில் கணினியில் ஏற்றுவித்தோம். பதினான்கு கோப்புகள் ஆயின. படி எடுத்துவையாமை எம் பிழையே. கையெழுத்துத் தாள்களுட் பெரும்பகுதி மழைநீரில் நனைந்து பயனற்றுப்போயிற்று. முதற்கோப்பின் இரண்டு பக்கங்களின் அச்சுப்படி மட்டுமே எம்மிடம் எஞ்சியது. 2011இல் மீண்டும் சென்று கோப்புகளை வேண்டியபோது, கடையுடையார் கணினியைத் திறந்து, தட்டச்சு மென்பொருளின் கோப்புறையைக் காட்டினார். அது வெறுமையாக இருந்தது. “எல்லாம் போச்சு சாரே” என்றார் அவர். முதியோர் மூவருள் இருவர் அதற்குள் மறைந்திருந்தனர்.

அந்நிலையில் எம் நினைவுக்கு வந்தது, அவ்வூர்க்கு அண்மையதாகிய பார்த்திவசேகரபுரத்தின் செப்பேடு. ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையார்க்கு மாற்றுநிலம் கொடுத்து உழக்குடிவிளை என்னும் நிலத்தைப் பெற்று, ஆங்குத் திருமாலுக்குக் கோயில் எடுத்து, காந்தளூர் முறையை ஒட்டிச் சாலையொன்று நிறுவி, தொண்ணூற்றைந்து சட்டர்க்கு அதன்கண் இடம் வகுத்ததைக் கூறுவது அச்செப்பேடு. அத்தொண்ணூற்றைவருள் நாற்பத்தைவர் ஒரு வேதப்பிரிவினர், முப்பத்தறுவர் பிறிதொரு பிரிவினர், பதினால்வர் மூன்றாம் பிரிவினர் என எண்ணிக்கையும் வரையறுத்துள்ளது. விளை என முடியும் நிலப்பெயர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இப்பகுதியில் வழங்கிற்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. இத்துணைச் சிறப்புடைய ஆவணத்தை ஆராய்ச்சியுலகம் எப்பெயரால் அறியும்? ‘உசூர் அலுவலகச் செப்பேடு’ என்றே அறியும். திருவனந்தபுரத்து அரசு அலுவலகமாகிய அவ்விடத்தில் இருந்து வெளிப்பட்டமையின் அப்பெயர் பெற்றது. து. அ. கோபிநாதராயர் இதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் வெளியிட்டார். கொடுத்தவன் பெயராலோ கோயிற்பெயராலோ வழங்கற்பாலது, வைத்திருந்த அலுவலகத்தின் பெயரால் வழங்குகின்றது. ஆவணத்திற்கு உரிய இடம் வேறு, அது கிடக்கும் இடம் வேறு. உரிய இடத்தில் மட்டும் தேடுவோர்க்கு அது ‘இல்லாத’ பொருளே.

எனவே, கோப்புறை வெறுமை என்பதனால் கோப்பு இல்லை என்பது பெறப்படாது எனத் துணிந்து, அக்கணினியின் இயல்பை ஆராயப்புகுந்தோம்.

கணினியின் வட்டில் கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தும் அதன் பெயரும் இருப்பிடக் குறிப்பும் பிறிதோரிடத்தும் பதியப்பெறும். யாம் திரையிற் காண்பது இப்பின்னையதாகிய அடைவின் ஒரு தோற்றமேயன்றி வட்டினை அன்று. 1981இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் முதற்பதிப்பில் கோப்புறை என்பதே இல்லை; எல்லாக் கோப்புகளும் ஒரே பட்டியலில் நின்றன. 1983இல் வந்த இரண்டாம் பதிப்பே கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் முறையைத் தந்தது. கோப்பின் பெயரோ எட்டு எழுத்துக்கு மிகாது. வகையைக் குறிக்க மேலும் மூன்று எழுத்துகள் உண்டு. 1995இல் விண்டோஸ் நீண்ட பெயர்க்கு இடந்தந்தபோதும், பழைய மென்பொருள்களின் பொருட்டு ஒவ்வொரு நீண்ட பெயர்க்கும் ஒரு குறும்பெயரை உடன்வைத்தது. களியக்காவிளை என உரோமன் எழுத்தில் பெயரிட்ட கோப்பு, அக்குறும்பெயரில் முதல் ஆறு எழுத்தும் ஓர் அலைக்கோடும் ஒன்று என்னும் எண்ணுமாகச் சுருங்கும். அதனை அறியாதார் அப்பெயரைக் கண்டும் தம் கோப்பென உணரார்.

கடையிலிருந்த கணினியில் விண்டோஸ் விஸ்டா இயங்கிற்று. 2007இன் தொடக்கத்தில் பொதுமக்கட்கு வெளிவந்த இவ்வியங்குதளம், பாதுகாப்புக் கருதிப் புதியதொரு முறையை மேற்கொண்டது. அதற்கு முற்பட்ட மென்பொருள்கள் பல, தாம் நிறுவப்பெற்ற ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்னும் கோப்புறையிலேயே பயனர் எழுதுவனவற்றையும் வைத்துவந்தன. விஸ்டா அதனை விலக்கிற்று. விலக்கின் அப்பழைய மென்பொருள்கள் இயங்கா. ஆதலின், அவை அங்கு எழுத முயலும்போது, அவை அறியாவண்ணம் அவ்வெழுத்தைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்னும் மறைவிடத்திற்குத் திருப்பிவிட்டது. மென்பொருள் தன் கோப்புறையை நோக்கினால், இவ்விரண்டிடத்தும் உள்ளவற்றை ஒருங்கே கண்டு, தான் வைத்தது வைத்த இடத்தில் இருப்பதாகவே கருதும். மனிதர் அதே கோப்புறையைத் திறந்தால் அங்கு ஒன்றும் இராது. ஒரே கதவு, நோக்குவோர் இருவர், காட்சி இரண்டு. இதனினும் விந்தையான ஏற்பாட்டைச் சுவடி நிலையங்களின் வரலாற்றில் யாம் கண்டதில்லை.

ஆயின் கடையுடையார் மென்பொருளின் வழியாகத் திறந்தும் கோப்புகள் தோன்றவில்லையே எனின், அதற்கும் காரணம் உண்டு. மறைவிடம் பயனர்க்கு ஒன்றாக அமைவது. 2010இல் அவர் கடைக்குப் புதிய பணியாளர் வந்தபோது, கணினியில் புதியதொரு பயனர் கணக்கை ஏற்படுத்தி, அன்றுமுதல் அதனையே ஆண்டுவந்தார். பழைய கணக்கின் மறைவிடம் புதிய கணக்குக்குப் புலப்படாது. பழைய கணக்கின் பெயரால் உள்ள கோப்புறையைத் திறந்து, மறைந்த கோப்புறைகளையும் காட்டுக எனப் பணித்து, ‘ஆப்டேட்டா’, ‘லோக்கல்’ என்பவற்றின் உள்ளே சென்றபோது, விர்ச்சுவல் ஸ்டோர் இருந்தது. அதனுள் எம் கோப்புகள் இருந்தன. கடையுடையார் பிறர்க்குத் தட்டச்சிட்ட திருமண அழைப்புகளும் விண்ணப்பங்களும் அவற்றோடு கலந்து கிடந்தன. அவற்றையும் போனவை என்றே அவர் கைவிட்டிருந்தார்.

எண்ணினோம். பதின்மூன்றே இருந்தன. பதினான்காவதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

நாள் வரிசைப்படி அடுக்கி நோக்கியபோது மற்றோர் இடர் எழுந்தது. 2009இல் எழுதிய கோப்புகளுட் சில 2007 சனவரி நாளிட்டுப் பட்டியலின் அடியில் நின்றன. கணினியின் கடிகாரத்தை இயக்கும் சிறு மின்கலம் ஓய்ந்துவிடின், மின்சாரம் நின்று மீளுந்தோறும் அக்கடிகாரம் தன் தொடக்க நாளுக்குத் திரும்பிவிடும். நாள் திருத்தாமல் எழுதிய மாலைகளின் கோப்புகளெல்லாம் அத்தொடக்க நாளையே தாங்கின. அண்மைக் கோப்பு மேலே நிற்கும் என்று நம்பித் தேடுவோர் இவற்றை ஒருகாலும் காணார்.

ஆண்டுத் தோற்றம் பற்றிய இடர்ப்பாடு கல்வெட்டு ஆராய்வார்க்குப் புதிதன்று. மேற்கூறிய பார்த்திவசேகரபுரச் செப்பேடு காலத்தை ஆண்டால் கூறாது, கலியுகத் தொடக்கத்தினின்று கழிந்த நாள்களால் கூறுகின்றது. அவை 14,49,087 நாள்கள். கலியின் தோற்றம் கி.மு. 3102 என்பதை அறிந்தார்க்கே அது கி.பி. 866 எனப் புலனாகும். இப்பகுதியின் பிற்கால ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வழங்கும். அதன் தோற்றம் கி.பி. 825. கணினியும் இவ்வாறே ஒரு தோற்றத்தினின்று எண்ணிவருவது. பழைய டாஸ் முறை 1980 சனவரி 1இனின்றும், யுனிக்சு முறை 1970 சனவரி 1இனின்றும், விண்டோஸின் பிற்கால வட்டுமுறை 1601 சனவரி 1இனின்றும் எண்ணும். இறுதியாகக் கூறியது, நொடியைக் கோடி கூறிட்டு அக்கூறுகளை எண்ணுவது. நாள் எண்ணிய கருநந்தடக்கன் அவைக் கணக்கர்க்கும் இதனை வகுத்தார்க்கும் கருத்து ஒன்றே, அளவே வேறு. ஒரு கோப்பு 1970 அல்லது 1980ஆம் ஆண்டின் முதல் நாளைத் தாங்கி நிற்கக் காணின், அது அந்நாளில் எழுதப்பெற்றதன்று, நாள் அறியப்படாதது என்றே கொள்ளல் வேண்டும். கோப்பின் புறத்தே உள்ள நாளை விடுத்து, அகத்தே உள்ள செய்தியைக் கொண்டு யாம் வரிசைப்படுத்தினோம். ஓணச்சந்தை பற்றிய குறிப்பு ஆவணிக்கும், மரச்சீனி பிடுங்குதல் பற்றியது அதன் பருவத்திற்கும் உரியவாதல் போன்ற அகச்சான்றுகளே துணைசெய்தன.

இடமும் காலமும் தெளிந்தபின், கோப்புகளைத் திறந்தோம். தமிழ் இல்லை. மேலே புள்ளியும் கீழே வாலும் கொண்ட ஐரோப்பிய எழுத்துகளும் நாணயக் குறிகளும் பக்கந்தோறும் நிரம்பியிருந்தன.

இதன் காரணத்தைத் தமிழ்க் கணிமை வரலாற்றில் காண்க. ஓரெழுத்துக்கு எட்டு இருமக்குறி என்னும் பழைய ஏற்பாட்டில் இருப்பன 256 இடங்களே. அவற்றுள் முதற்பாதி உரோமன் எழுத்துக்கும் எண்ணுக்கும் பிறவற்றுக்கும் உரியது. எஞ்சிய பாதியில் தமிழின் 247 எழுத்தும் அடங்கா. ஆதலின் மெய்யுருவும் உயிர்க்குறியும் பிரித்து, சில கூட்டெழுத்துகளை மட்டும் தனியே வைத்து, எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்றவாறு இடங்களைப் பங்கிட்டனர். ஒருவர் ககரம் வைத்த இடத்தில் மற்றொருவர் மகரம் வைத்தார். 1998இல் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் தொடக்கத்தில் தனி எழுத்துருக்களிலும், பின்னர் டிஸ்கி முறையிலும், அதன்பின் யூனிக்கோடிலும் என மாற்றி மாற்றி வெளியிட நேர்ந்தது இதனாலேயே. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு டாம், டாப் என்னும் இரு தரங்களை வகுத்தது. யூனிக்கோடு 1991இலேயே தமிழுக்கு 128 இடங்கொண்ட தனித்தொகுதி அளித்திருந்தும், தமிழகத்தின் தட்டச்சுக் கடைகளில் பழைய எழுத்துருக்களே நெடுங்காலம் ஆண்டன. எம் கோப்புகளை ஏற்றிய மென்பொருள் இத்தரங்களுள் எதனையும் சாராது தன்போக்கில் இடம் வகுத்துக்கொண்ட ஒன்று. அதன் எழுத்துரு இன்றித் திறந்தால் எழுத்து உண்டு, மொழி இல்லை. அக்கணினியில் ‘ஏலா’ என்று தேடினால் ஓரிடத்தும் கிடையாது. அச்சொல் பயின்றுவரும் கோப்போ கண்முன்னே கிடக்கின்றது!

எம்மிடம் எஞ்சிய இரு பக்க அச்சுப்படி இப்போது பயன்பட்டது. முதற்கோப்பின் குறிகளை அச்சுப்படியின் எழுத்துகளோடு ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிட்டு, எக்குறி எவ்வெழுத்து என அட்டவணை செய்தோம். இரு வடிவில் ஒரே செய்தி கிடைப்பின் அறியா எழுத்தைப் படித்தல் அரிதன்று என்பது எழுத்தாராய்ச்சியின் பழைய பாடம். அச்சில் வாராத சில எழுத்துகள் எஞ்சின. ஙகர, ஞகர வருக்கங்களும் ‘ஔ’ என்பதும் அத்தகையன. அவற்றைச் சொற்சூழல் கொண்டு நிரப்பினோம். எம் மாணவர் ஒருவர் அவ்வட்டவணைப்படி கோப்புகள் அனைத்தையும் யூனிக்கோடுக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதினார். பதின்மூன்றும் தமிழாயின.

இவ்வளவில் முடிந்தது என்றே எண்ணினோம். கோப்புகட்கு அவற்றின் முதல் வரியிலிருந்த தலைப்பையே படியெடுத்துப் பெயராக இட்டோம். சின்னாள் கழித்துக் ‘கொல்லங்கோடு’ என்னும் கோப்பை வேண்டித் தேடினால், கணினி அப்பெயரில் ஒன்றும் இல்லை என்றது. கோப்புறையைத் திறந்து கண்ணால் நோக்கினால் கொல்லங்கோடு என்றே எழுதியிருக்கின்றது. இம்முறை கோப்பு மறையவில்லை, திரையிலேயே நிற்கின்றது. தேடுவார் எழுதிய கொல்லங்கோடும் கோப்பின் கொல்லங்கோடும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

இதன் நுட்பம் தமிழ் எழுத்தின் வடிவோடு இயைந்தது. ‘கொ’ என்பதை யூனிக்கோடு இருவகையால் எழுத இடந்தருகின்றது. ககரத்தின்பின் ஒகரக்குறியை ஒரே எண்ணாக வைத்தல் ஒன்று. ககரத்தின்பின் ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு எண்களாக வைத்தல் மற்றொன்று. ‘கோ’ என்பதற்கும் இவ்வாறே. ஔகாரக் குறிக்கும் இது பொருந்தும். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று நிகர் என்பது யூனிக்கோட்டின் விதி. ஆயினும் எண்ணை எண்ணோடு மட்டும் ஒப்பிட்டுத் தேடும் மென்பொருள்கள் அவ்விதியைப் போற்றா. விண்டோஸின் வட்டுமுறை பெயரை எழுதியவாறே வைத்துக்கொள்ளும். எனவே ஒரே கோப்புறையில் கொல்லங்கோடு என்னும் பெயருடைய கோப்புகள் இரண்டு அருகருகே இருத்தலும் கூடும். ஆப்பிள் நிறுவனத்தார் 1998இல் கொணர்ந்த வட்டுமுறையோ எப்பெயரையும் கொம்பும் காலுமாகப் பிரித்தே வைத்தது. பழைய எழுத்துருக்கள் கண்ணிற் காணும் வரிசைப்படியே கொம்பை முன்னும் ககரத்தை இடையும் காலைப் பின்னும் வைத்தவை. எம் நிரல் கொம்பை ககரத்தின்பின் நகர்த்திற்றேயன்றிக் காலோடு சேர்த்து ஒன்றாக்கவில்லை. பிழை அங்கே நிகழ்ந்தது.

ஏடு பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். ஓலையில் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் கொம்பு வேறுபாடு இல்லை. குற்றெழுத்தாகிய எகர ஒகரங்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்தும், எழுதுவோர் புள்ளியை விடுத்தனர். காலும் ரகரமும் ஒருருவாய் நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் கொம்பின் குழப்பத்தைத் தீர்க்கும் வரை, ஏட்டில் ஒருருவைக் கண்டு ‘கொ’ என்றோ ‘கோ’ என்றோ ‘கெர’ என்றோ படித்தல் படிப்போர் பொறுப்பாயிருந்தது. ஏட்டில் ஒருருவுக்குப் பல ஒலி. கணினியில் ஒருருவுக்குப் பல எண். முன்னதில் ஐயம் படிப்போர்க்கு உண்டாயிற்று. அதனால் அவர் ஆராய்ந்தார். பின்னதில் படிப்போர்க்கு ஐயமே தோன்றாது. பின்னதே இடர் மிக்கது என்பது எம் கருத்து.

பெயர் பற்றிய வேறோர் இடரும் எல்லையூர்க்கு உரியது. யாம் களியக்காவிளை என்று தேட, உடன்பணியாற்றியோர் களியிக்காவிளை என்று எழுதிய குறிப்புகள் அகப்படவில்லை. முன்சிறையும் முஞ்சிறையும், பார்த்திபபுரமும் பார்த்திவபுரமும் அத்தகையன. இதற்குக் கணினியைக் குறைகூறுதல் பொருந்தாது. பெயரால் அகப்படாததை உள்ளடக்கத்தாலும் மேற்கோளாலும் தேடுதல் தமிழாராய்ச்சியில் நிலைபெற்ற முறை. முத்தொள்ளாயிரம் முழுதும் கிடையாதபோது, புறத்திரட்டு என்னும் தொகைநூலில் இருந்தே அதன் செய்யுள்கள் நூற்றுக்குச் சற்று மேற்பட்டவை வெளிவந்தன. யாமும் ‘ஏலா’, ‘பொற்றை’ முதலிய அருஞ்சொற்களைக் கொண்டு தேடி, பெயர் மாறிக் கிடந்த குறிப்புகள் பலவற்றைத் திரட்டினோம்.

மெய்யாகவே அழிந்தவை இல்லையோ எனின், உள. 2018 அக்டோபர் 2ஆம் நாள் விண்டோஸ் 10இன் புதிய பதிப்பு வெளிவந்து, சின்னாளிலேயே நிறுத்திவைக்கப்பெற்றது. பயனர் சிலரின் கோப்புகள் அதனால் அழிந்தன. ஆவணங்கள் என்னும் கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றி அமைத்துக்கொண்டோர்க்கு, அப்பெயரால் பழைய இடத்தில் ஒன்றும் புதிய இடத்தில் ஒன்றுமாக இரண்டு இருந்தன. பழையது வேண்டாத வெற்றிரட்டை எனக் கருதி நீக்கப்பெற்றது. அதனுள் எஞ்சியிருந்த கோப்புகளும் உடன்போயின. நவம்பர் 13இல் திருத்திய பதிப்பு மீண்டும் வந்தது. ஒரு பெயர்க்கு இரண்டு இடம் இருத்தலின் கேடு இது.

நீக்கிய கோப்பும் உடனே அழிவதில்லை என்பது மாணவர் அறியத்தக்கது. டாஸ் முறையில் ஒரு கோப்பை நீக்கின், அடைவில் அதன் பெயரின் முதலெழுத்து இருந்த இடத்தில் 229 என்னும் எண் வைக்கப்பெறும். அது இருந்த வட்டுப்பகுதிகள் பிற கோப்புக்கு உரியன எனக் குறிக்கப்பெறும். எழுத்து அவ்வாறே கிடக்கும். 1991இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நீக்கியதை மீட்கும் கட்டளை ஒன்று இருந்தது. அது பயனரை நோக்கி, ‘இப்பெயரின் முதலெழுத்து யாது?’ என்று கேட்கும். முதலேடு சிதைந்த சுவடியை முன்வைத்துக்கொண்டு நூற்பெயர் வினவும் பதிப்பாசிரியரே நினைவுக்கு வருகின்றார். ஆதலின், ஒரு கோப்பு காணாதபோது அக்கணினியில் மேலும் எழுதுதலும் புதிய மென்பொருள் நிறுவுதலும் ஆகா. அவை பழைய எழுத்தின்மேல் எழுதிவிடும். சுழலும் வட்டுக்குப் பொருந்தும் இக்கூற்று, இன்று பெருகியுள்ள சில்லு வட்டுகட்கு முழுதும் பொருந்தாது. அவற்றில் நீக்கிய பகுதிகளை வட்டே துடைத்துவிடும் ஏற்பாடு உண்டு. விண்டோஸ் அதனை 2009இன் ஏழாம் பதிப்பு முதல் கைக்கொண்டது.

இனிப் பதினான்காவது கோப்பு. அதன் பெயர் ‘சந்தை’. களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலையும் அண்டியும் விலைபேசுங்கால் வழங்கிய குழூஉக்குறிச் சொற்கள் அதன்கண் இருந்தன. பழைய கணக்கின் மறைவிடத்தில் அது இல்லை. வட்டு முழுவதும் உள்ளடக்கத்தால் தேடியும் கிட்டவில்லை. ஆயினும், அண்மையில் திறந்த கோப்புகட்குக் கணினி தானே அமைத்துவைக்கும் குறுவழிகளுள் அதன் பெயர் இருந்தது. நூல் இறந்துபட, உரையாசிரியர் கூறும் பெயர் மட்டும் எஞ்சிய நிலை அது. அக்குறுவழியை ஆராய்ந்தபோது, கோப்பின் அளவும், கடைசியாக எழுதிய நாளும், அது இருந்த இடமும் அதனுள் பதிந்திருந்தன. இடம் கணினியின் வட்டன்று. செருகிக் கழற்றும் பென் டிரைவ் ஒன்று. அதன் தொடரெண்ணையும் குறுவழி தாங்கியிருந்தது. கடையுடையாரின் மேசையறையில் கிடந்த பென் டிரைவ்கள் பதினொன்றையும் ஒவ்வொன்றாகச் செருகி அவ்வெண்ணோடு ஒப்பிட்டோம். ஒன்றும் பொருந்தவில்லை. பன்னிரண்டாவது ஒன்று இருந்ததாகவும், அதனைத் தம் மைத்துனர் பாட்டுகள் ஏற்றிக்கொண்டு வளைகுடா நாட்டுக்கு எடுத்துச்சென்றதாகவும் அவர் கூறினார். தொடரெண்ணை எழுதி அவரிடம் கொடுத்து வந்துள்ளோம்.